கையால் புரொப்பெல்லர் சுழற்றும்போது நேரும் விபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானத்தை ஸ்டார்ட் செய்யும் ஓரிரு நிமிடங்களில் நடக்கும் விபத்துகளைப் பற்றியது. முக்கியமாக, விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியான புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி இன்ஜினை எழுப்பும்போது விமானம் ஆளில்லாமல் ஓடிவிடுவதும், சுழற்றியவரையே புரொப்பெல்லர் தாக்கிவிடுவதும். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.யின் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வகை விபத்து மிகவும் பழகிப்போன ஒன்று. விமானமும் ஊரும் மாறும். நடந்த விதம் மாறாது. மாறாமல் நடக்கும் விபத்து தடுக்கக்கூடிய விபத்து என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் காலத்திலும் கையால் சுழற்றுகிறார்களா?

ஆம், அன்றாடம். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் கட்டப்பட்ட பைப்பர் ஜே-3 கப், ஏரோன்கா சாம்பியன், டெய்லர்கிராஃப்ட் போன்ற விமானங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. ஜே-3 கப் மட்டுமே இருபதாயிரத்துக்கு அருகில் தயாரானது. அவற்றில் பல இன்றும் பறக்கின்றன. ஜே-3 கப்பில் பேட்டரி, ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் எதுவும் இருக்காது. 65 குதிரைத் திறன் கொண்ட கான்டினென்டல் இன்ஜினை மனிதக் கைதான் எழுப்ப வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1958இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட புஷ்பக் விமானம் நம் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் இருந்த கான்டினென்டல் சி-90 இன்ஜினையும் கையால் சுழற்றித்தான் எழுப்பினார்கள். சுழற்றும் ஆள், விமானியின் இருக்கையில் ஒருவர், இருவருக்கும் இடையே உரத்த குரலில் கேள்வியும் பதிலும் என்ற ஒழுங்கு அந்த கிளப்புகளில் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பேட்டரியே இல்லாமல் ஸ்பார்க் பிளக்கில் பொறி எப்படி வருகிறது?

மேக்னெட்டோவிலிருந்து. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு நிலைக்காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சிறு மின்னாக்கி அது. இன்ஜின் சுழன்றால் காந்தம் சுழலும், காந்தம் சுழன்றால் பொறி உண்டாகும். வெளியிலிருந்து எந்த மின்சாரமும் வேண்டாம். ஒன்று பழுதானாலும் இன்ஜின் நிற்கக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலான சிறு விமானங்களில் இரண்டு மேக்னெட்டோக்கள் இருக்கும். வானத்தில் விமானத்தின் மின்சாரம் முழுவதும் போனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். அருமையான ஏற்பாடு. ஆனால் தரையில் நிற்பவருக்கு இதே ஏற்பாடு எமனாக முடியும்.

கையால் சுழற்றும் வேகம் மிகக் குறைவு. அந்த வேகத்தில் நல்ல பொறி வர இம்பல்ஸ் கப்ளிங் என்ற சிறு சுருள்வில் அமைப்பு மேக்னெட்டோவில் இருக்கும். அது காந்தத்தைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தி, பிறகு சட்டென்று விடுவிக்கும். இன்ஜினைக் கையால் திருப்பும்போது கேட்கும் 'டக்' என்ற ஓசை அதுதான். பொறி வலுவாக வருவதோடு, தாமதமாகவும் வரும். அந்தத் தாமதம்தான் சுழற்றுபவரின் கையைக் காப்பாற்றுகிறது. ஓடும் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 அல்லது 30 டிகிரி முன்பே பொறி விழுமாறு வைத்திருப்பார்கள். கையால் மெதுவாகச் சுழற்றும்போது அவ்வளவு முன்கூட்டியே பொறி விழுந்தால், வெடிப்பு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, புரொப்பெல்லர் எதிர்த்திசையில் உதைக்கும். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் கிக்கர் திருப்பி அடித்து வலி கண்டவர்களுக்கு இது உடனே புரியும்.

சாவியை ஆஃப் செய்துவிட்டால் புரொப்பெல்லரைத் தொடலாம் அல்லவா?

கூடாது. காரின் சாவி போல மின்சாரத்தைத் துண்டித்து மேக்னெட்டோவை நிறுத்த முடியாது. ஆஃப் நிலையில் சுவிட்ச் செய்வது, மேக்னெட்டோவின் முதன்மைச் சுருளை ஒரு கம்பி வழியாக விமானத்தின் உடலோடு இணைப்பது. அதாவது, இணைப்பு இருக்கும்வரைதான் மேக்னெட்டோ செயலற்றுக் கிடக்கும். அந்தக் கம்பி அறுந்தாலும் கழன்றாலும் சுவிட்ச் உள்ளே தேய்ந்தாலும், சாவி கையில் இருக்கும்போதே மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் சிறிதளவு எரிபொருள் ஆவி போதும், ஒரு வெடிப்புக்கு.

இதனால்தான் புரொப்பெல்லரை எப்போதும் 'இப்போதே ஓடத் தொடங்கும்' என்று நினைத்தே நெருங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். அதைப் பிடித்து விமானத்தைத் தள்ளும் பழக்கமும், நிறுத்தி வைத்த விமானத்தின் புரொப்பெல்லரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உடனே கைவிட வேண்டியவை. பறந்து முடித்து இன்ஜினை நிறுத்தும் முன், அது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் சுவிட்சை ஒரு கணம் ஆஃப் செய்து பார்த்தால், இன்ஜின் அடங்குகிறதா என்று தெரிந்துவிடும். அடங்கவில்லையென்றால் கம்பியோ சுவிட்சோ பழுதாகியிருக்கிறது. மெக்கானிக் பார்க்கும்வரை யாரும் புரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் விமானம் ஏன் ஓடுகிறது? மெதுவாகத்தானே சுழல வேண்டும்?

இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழான த்ராட்டில் மூடியிருந்தால் மெதுவாகத்தான் சுழலும். ஓடிப்போகும் விமானத்தில் த்ராட்டில் திறந்திருக்கும். அது எப்படித் திறந்தே விடப்படுகிறது என்பதுதான் இந்தப் பக்கத்திலேயே நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

குளிர்ந்த இன்ஜின் எழ, பிரைமர் என்ற சிறு பம்பால் எரிபொருளை நேராக உள்ளே தெளிப்பார்கள். ஒருவர் இரண்டு முறை சுழற்றியும் எழவில்லை என்று வையுங்கள். இன்னும் கொஞ்சம் பிரைம் செய்கிறார். மீண்டும் சுழற்றுகிறார். இப்போது சிலிண்டர்களுக்குள் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிவிட்டது. காற்று போதாமல் பொறி விழுந்தும் தீப்பிடிப்பதில்லை. இதைச் சரிசெய்ய எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் வழி ஒன்று உண்டு: சுவிட்சை ஆஃப் செய்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, புரொப்பெல்லரைப் பல சுற்றுகள் திருப்பி, மிஞ்சிய எரிபொருளை வெளியேற்றுவது. முறை சரியானதுதான். அதன்பின் த்ராட்டிலை மறுபடி மூட வேண்டும்.

அந்த ஆள் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானியறைக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே நடந்து நடந்து களைத்துவிட்டார். வியர்வை, எரிச்சல், நண்பர்கள் வேறெங்கோ காத்திருக்கும் நினைவு. சுவிட்சை ஆன் செய்கிறார், த்ராட்டிலை மறந்துவிடுகிறார். இத்தனை நேரம் முரண்டு பிடித்த இன்ஜின் இப்போது ஒரே சுற்றில், முழு வேகத்தில் எழுகிறது. விமானியறையில் யாரும் இல்லை.

காலியான ஜே-3 கப்பின் எடை 350 கிலோவை ஒட்டியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே அதன் இறக்கை தூக்கத் தொடங்கிவிடும். ஓட்டுபவரின் எடையும் இல்லாதபோது அந்த வேகத்தை எட்ட நீண்ட தூரம் தேவையில்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே இன்னொரு விமானத்திலோ விமானக் கொட்டகைச் சுவரிலோ வேலியிலோ மோதி நிற்கும்.

மோதாமல் உண்மையாகவே பறந்துபோனது உண்டா?

உண்டு. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1955 ஆகஸ்ட் 30 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்தது. பேங்க்ஸ்டவுன் விமான நிலையத்தில் ஒருவர் வாடகைக்கு எடுத்த ஆஸ்டர் விமானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். தரையிறங்கியபோது இன்ஜின் நின்றுவிட்டது. அவர் இறங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றினார். இன்ஜின் எழுந்தது, விமானம் நகரத் தொடங்கி, அவர் கைக்கு எட்டாமல் ஓடி, தானாகவே எழும்பிவிட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஆளில்லாத விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சிட்னியின் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டே உயர்ந்தது. கீழே மக்கள் நிறைந்த மாநகரம். எரிபொருள் எங்கே தீரும், எந்தக் கூரையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமானப் படை ஒரு விர்ரவே பயிற்சி விமானத்தை அனுப்பியது; பின்னிருக்கையில் இருந்தவர் பிரென் துப்பாக்கியால் சுட்டார். உயரத்தின் கடுங்குளிரில் விரல்கள் விறைத்துப்போனதால் அவரால் தொடர முடியவில்லை. அடுத்து மீட்டியர் ஜெட் போர் விமானம் வந்தது. அதன் பீரங்கி சிக்கிக்கொண்டது. இறுதியில் நவ்ரா தளத்திலிருந்து வந்த கடற்படையின் இரண்டு சீ ஃப்யூரி விமானங்கள்தான், அது கடலுக்கு மேலே இருந்தபோது சுட்டு வீழ்த்தின. ஒருவரும் சாகவில்லை. காற்று வேறு திசையில் அடித்திருந்தால் கதை வேறு.

1997 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அர்பானா என்ற சிற்றூரின் விமானத் திடலிலிருந்து ஓர் ஏரோன்கா சாம்பியன் இதேபோல ஆளில்லாமல் கிளம்பியது. அங்கும் கையால் சுழற்றியபோதுதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறந்து, எரிபொருள் தீர்ந்து, ஒரு வயலில் விழுந்தது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே 42 ஆண்டுகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் எழுத வேண்டிய அறிக்கையில் ஊர்ப்பெயர் தவிர அதிகம் மாறாது.

பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால் போதாதா?

போதாது. ஜே-3 கப்பில் குதிகாலால் அழுத்தும் வலுக்குறைந்த பிரேக்தான் உண்டு. பார்க்கிங் பிரேக் கிடையாது. பார்க்கிங் பிரேக் உள்ள விமானங்களிலும் அது பெரும்பாலும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு. சிறு கசிவு இருந்தால் அழுத்தம் இறங்கிவிடும். நன்றாக இருக்கும் பிரேக்கும் மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு ஈடுகொடுக்கும். முழு வேக இன்ஜினுக்கு முன், ஈரப் புல்லில், சக்கரம் சுழலாமலேயே விமானம் வழுக்கிப் போகும்.

முட்டுக்கட்டை வைத்தாலும் அளவு பார்க்க வேண்டும். கையில் கிடைத்த சிறு மரத்துண்டின் மேல் சக்கரம் ஏறி இறங்கிவிடும். நான் நம்புவது கயிற்றை. வாலில் உள்ள கட்டு வளையத்தில் தடித்த கயிற்றைப் போட்டு, தரையில் நிலையாகப் பதித்த கொக்கியில் கட்டிவிட்டால், த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தாலும் விமானம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும். அதோடு சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுங்கள். கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும் என்று அலுத்துக்கொள்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் விமானத்தையே இழந்தவர்கள் எத்தனை பேர்!

சரியான முறை என்ன?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிடும் பயிற்சிக் கையேடு இதை விளக்கமாகச் சொல்கிறது. முதல் விதி, தனியாகச் செய்யவே கூடாது. இரண்டு பேர் வேண்டும், இருவருக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, புரொப்பெல்லரைச் சுழற்றுபவர்தான் தலைவர். விமானியறையில் இருப்பவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் வெளியே நிற்பவர் சொன்னால்தான் சுவிட்சைத் தொட வேண்டும். உயிர் யாருடையதோ உத்தரவும் அவருடையது.

கால் வைக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். ஈரப் புல், சரளைக் கற்கள், எண்ணெய் சிந்திய சிமென்ட் தரை என்றால் விமானத்தை வேறிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். சால்வை, தொங்கும் கழுத்துப் பட்டை, பெரிய கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். வெளியே நிற்பவர் எரிபொருள் ஆன், சுவிட்ச் ஆஃப், த்ராட்டில் மூடியது, பிரேக் பிடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து பதில் சொல்வது இங்கே குற்றத்துக்குச் சமம். அதன் பிறகு சுழற்றுபவர் விமானத்தை ஒருமுறை தள்ளிப் பார்த்து, பிரேக் உண்மையில் பிடித்திருக்கிறதா என்று சோதிப்பார்.

புரொப்பெல்லரில் கீழே இறங்கப்போகும் அலகு (தகடு) கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு திருப்பி வைக்க வேண்டும். உள்ளங்கைகளையும் விரல்களையும் தட்டையாக அலகின் மீது வைக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது அலகு ஆளையே இழுத்துக்கொள்ளும். புரொப்பெல்லருக்குப் பயந்து எட்டி நிற்பது பலருடைய இயல்பு. அது தவறு. எட்டி நின்றால் எட்டிப் பிடிக்க முன்னால் சாய வேண்டும், சாய்ந்த உடல் சுழலும் அலகுக்குள்தான் விழும். அருகில், நிமிர்ந்து நின்று, "பிரேக், காண்டாக்ட்" (காண்டாக்ட் என்றால் சுவிட்ச் ஆன்) என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து அதே சொற்கள் திரும்பி வந்த பிறகு, கைகளை விரைவாகக் கீழே இறக்கி, அதே வீச்சில் பின்னால் அடியெடுத்து வைக்க வேண்டும்.

எழவில்லையென்றால்? சுவிட்ச் ஆஃப் என்ற பதில் வரும்வரை அலகை மறுபடி தொடக் கூடாது. கைகள் பழகிவிட்ட பத்தாவது முறையில்தான் இதை விடுவார்கள்.

மிதவை விமானங்களில் மிதவையின் மேல் நின்று, புரொப்பெல்லருக்குப் பின்னாலிருந்து சுழற்றுவார்கள், முன்னால் நிற்கத் தண்ணீர்தான் இருக்கிறது. அதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

விமானி கிடைக்கவில்லை. உடன் வந்த நண்பரை உள்ளே உட்காரவைத்தால் போதுமா?

இது தனியாகச் செய்வதைவிட மோசமாக முடியலாம். காலியான விமானம் ஓடினால் இரும்பும் துணியும் போகும். தெரியாத ஒருவரை உள்ளே வைத்து ஓடினால் அவரும் அதோடு போகிறார். "இந்தக் குமிழை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவது போதனை ஆகாது. இன்ஜின் உறுமி விமானம் பாய்ந்ததும், பழக்கமில்லாதவர் பதற்றத்தில் த்ராட்டிலை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். பல விமானங்களில் உள்ளே தள்ளினால்தான் வேகம் கூடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பிரேக்கை எந்தக் காலால் எங்கே அழுத்துவது, சுவிட்சை எந்தப் பக்கம் திருப்பினால் இன்ஜின் நிற்கும் என்று தெரிந்து, செய்தும் காட்டியவர் மட்டுமே அந்த இருக்கையில் இருக்கலாம்.

கனடாவின் விமானப் போக்குவரத்து விதி 602.10, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் விமானத்தைக் கட்டுப்படுத்தத் தகுதியானவர் விமானியின் இருக்கையில் இருக்க வேண்டும், அல்லது விமானம் நகராதபடி முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. என் கருத்தில் அந்த 'அல்லது' இருக்கும் இடத்தில் 'மேலும்' இருந்திருக்கலாம்.

என் செஸ்னா 172இல் பேட்டரி இறங்கிவிட்டது. இன்று மட்டும் கையால் சுழற்றலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். பழைய கப்பை வாரந்தோறும் சுழற்றுபவருக்கு அது அன்றாட வேலை. ஸ்டார்ட்டர் உள்ள விமானத்தின் உரிமையாளர், பேட்டரி கைவிட்ட ஒரு நாளில், அவசரத்தில், முதன்முறையாக அதைச் செய்யத் துணிகிறார்.

இன்ஜினும் வேறு. கப்பின் இன்ஜின் கொள்ளளவு சுமார் 2.8 லிட்டர். செஸ்னா 172இல் பரவலாக இருக்கும் லைகமிங் ஓ-320 இன்ஜின் 5.2 லிட்டர், 150, 160 குதிரைத் திறன். அமுக்கமும் கூடுதல். அதைச் சுழற்ற வலுவும் வேண்டும். திருப்பி உதைத்தால் அதன் வலுவும் அப்படியே வரும். கப் போன்ற வால்சக்கர விமானம் மூக்கை உயர்த்தி நிற்பதால் அலகு மார்பளவில் வசதியாக அமையும். மூக்குச்சக்கர விமானத்தில் அது தாழ்வாக இருக்கும். குனிந்து சுழற்ற வேண்டும், குனிந்தவர் முன்னால்தான் தடுமாறுவார்.

மேக்னெட்டோவிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல விமானங்களில் இம்பல்ஸ் கப்ளிங் இடது மேக்னெட்டோவில் மட்டும்தான் உண்டு. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது வலது மேக்னெட்டோவைச் சுவிட்சே அணைத்துவிடும். அதனால் ஓட்டுபவருக்கு இது தெரியாமலேயே போகிறது. கையால் சுழற்றும்போது சாவியை 'இரண்டும்' என்ற நிலையில் வைத்தால், தாமதிக்காத பொறி வலது மேக்னெட்டோவிலிருந்து முன்கூட்டியே விழுந்து, புரொப்பெல்லர் திருப்பி அடிக்கும். சாவி இடது நிலையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் தாண்டி இன்ஜின் எழுந்துவிட்டாலும் மின்சாரம் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கவே பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். முற்றிலும் இறங்கிய பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. ரேடியோ இல்லை, விளக்கு இல்லை, ஃப்ளாப் இல்லை. அப்படி எழுப்பிய விமானத்தில் எங்கே போகப் போகிறீர்கள்? பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் செய்யுங்கள், அல்லது கையேடு சொல்லும் முறையில் வெளிமின் இணைப்பைக் கொடுங்கள். பயணம் நாளைக்கு மாறட்டும்.

ஸ்டார்ட்டர் நன்றாக வேலை செய்யும் விமானத்தில் இந்தக் கவலைகள் இல்லைதானே?

குறைவு; இல்லாமல் போகவில்லை. மூக்குச்சக்கரத்தில் மாட்டிய இழுவைக் கம்பியைக் கழற்ற மறந்து சாவியைத் திருப்புகிறார்கள். புரொப்பெல்லர் கம்பியை அடித்து நொறுக்குகிறது. கதவைத் திறந்து "கிளியர் பிராப்" என்று கூவிவிட்டு, அந்த வாயை மூடும் முன்பே ஸ்டார்ட் செய்கிறார்கள். கூவுவது எச்சரிக்கை, எச்சரிக்கப்பட்டவர் விலக நேரம் வேண்டாமா? இருபுறமும் பார்த்து, ஒரு நிமிடத்தின் சிறு பகுதியையாவது காத்திருந்து, பிறகு திருப்ப வேண்டும்.

சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 700 சுற்று என்ற மெதுவான ஓட்டத்திலேயே, இரட்டை அலகுப் புரொப்பெல்லரில் ஏதாவது ஓர் அலகு ஒரே இடத்தை நொடிக்கு 23 முறை கடக்கிறது. 1.9 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் நுனி அப்போதே மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பயணியை ஏற்றவோ இறக்கவோ, மறந்த பையை எடுக்கவோ, இன்ஜின் ஓடும்போது யாரையும் விமானத்தின் அருகே வரவிடாதீர்கள். 'ஒரு நிமிடம்தானே' என்று ஓடவிட்டபடியே ஆளை இறக்கிய நேரங்களில்தான் மிகக் கொடிய காயங்கள் நேர்ந்திருக்கின்றன.

ஸ்டார்ட் செய்யும்போது தீப்பிடித்தால்?

அளவுக்கு மீறி பிரைம் செய்ததன் இன்னொரு விளைவு இது. கார்புரேட்டர் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் விமானங்களில் மிஞ்சிய எரிபொருள் காற்றுப் பெட்டியில் தேங்கி, ஒரு பின்வெடிப்பில் பற்றிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் உள்ள விமானமென்றால் சுழற்றுவதை நிறுத்தாதீர்கள். இன்ஜின் எழுந்தால் தீயை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். எழாவிட்டால் எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழை மூடி, எரிபொருளை அடைத்து, த்ராட்டிலைத் திறந்து, இன்னும் சில நொடிகள் சுழற்றிவிட்டு, வெளியேறித் தீயணைப்பானை எடுக்க வேண்டும். உங்கள் விமானத்தின் கையேடு சொல்லும் வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள். புகை வந்த பிறகு பக்கம் புரட்ட முடியாது.

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. துரத்திப் பிடிக்கலாமா?

கூடாது. இறக்கைத் தாங்கியைப் பிடித்துத் தொங்கினால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும். அப்படித் திரும்பும்போது புரொப்பெல்லர் உங்களை நோக்கி வரும். முதல் நொடியிலேயே கதவருகில் நின்று சுவிட்சை எட்டக்கூடியவர் எட்டலாம். அந்த நொடி போய்விட்டால் விமானமும் போய்விட்டது. சுற்றியிருப்பவர்களைக் கத்தி விலக்குங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தால் உடனே சொல்லுங்கள். விமானத்துக்குக் காப்பீடு இருக்கும், இல்லாமலும் போகட்டும்.

யாருக்கும் காயமில்லை. இதை விபத்து என்று அறிவிக்க வேண்டுமா?

அமெரிக்க விதிகளில், பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் விமானத்தில் ஏறியதிலிருந்து எல்லோரும் இறங்கும்வரையான காலத்தில் உயிரிழப்போ, கடும் காயமோ, விமானத்துக்குக் கணிசமான சேதமோ நேர்ந்தால்தான் அது 'விபத்து'. புரொப்பெல்லர் தரையில் பட்டுக் கெட்டது, சக்கரம், பிரேக், இறக்கை நுனி, ஒற்றை இன்ஜினுக்குள் அடங்கிய சேதம் ஆகியவை கணிசமான சேதக் கணக்கில் வராது. இறக்கையின் உட்சட்டம் வளைந்திருந்தால் வரும். விபத்தென்றால் என்.டி.எஸ்.பி.க்கு உடனே தெரிவித்து, பத்து நாட்களுக்குள் எழுத்துபூர்வ அறிக்கை கொடுக்க வேண்டும். கையால் சுழற்றுவதைத் தடைசெய்யும் தனி விதி அங்கே இல்லை. ஆனால் அஜாக்கிரதையாக விமானத்தை இயக்குவதைத் தடுக்கும் 91.13 விதி, பறக்காமல் தரையில் இயக்குவதற்கும் பொருந்தும். இந்தியாவில் விசாரணை விமான விபத்து விசாரணைப் பணியகமான ஏ.ஏ.ஐ.பி.யின் பொறுப்பு, இங்கும் விபத்தின் வரையறை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பை ஒட்டியதே.

புரொப்பெல்லர் மட்டும்தான் எதிலோ தட்டியது. வேறு புரொப்பெல்லர் மாட்டிப் பறக்கலாமா?

பறக்காதீர்கள். சுழலும் அலகு எதிலாவது மோதித் தடைபடும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குள் போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் விரிசல் விட்டிருக்கலாம், ஷாஃப்ட் மயிரிழை வளைந்திருக்கலாம். பல மணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு வானத்தில் இன்ஜின் நிற்கும்.

லைகமிங் நிறுவனம் தன் 533ஆம் எண் சேவைக் குறிப்பில் இதைப் பற்றி விளக்கமாகச் சொல்கிறது. இன்ஜின் ஓடாமல் நின்றிருந்தபோது ஏதோ வந்து மோதி, புரொப்பெல்லரைக் கழற்றிப் பழுதுபார்க்க நேர்ந்தாலும் அதைப் புரொப்பெல்லர் மோதலாகவே அது கருதுகிறது. லைகமிங் இன்ஜின்களில் மோதலுக்குப் பிறகு கிராங்க் ஷாஃப்ட் பல்சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் சோதிக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. 2004இல் கட்டாய ஆணையும் பிறப்பித்தது. இன்ஜினைக் கழற்றிப் பிரித்துப் பார்க்கும் செலவு பெரியது. சில பழைய விமானங்களில் விமானத்தின் விலையையே எட்டிவிடும். அதனால்தான் வாங்கும்போது பராமரிப்புப் பதிவேட்டில் புரொப்பெல்லர் மாற்றிய தேதியைப் பார்த்தால், அதே தேதியை ஒட்டி இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பதிவும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள், பதில் எழுத்தில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.